கோடு கிழித்தாற்போல் ஓடும் இரண்டு ஆறுகள்

சீனாவின் சோங்கிங் நகருக்குச் சென்று திரும்பிய வாசகர் ஒருவர், அங்குள்ள சாவோதியன்மென் துறையில் பச்சை நீரும் பழுப்பு நீரும் ஒட்டியபடியே ஓடுவதைக் கண்டு, அவை ஏன் உடனே கலப்பதில்லை என்று கேட்டிருக்கிறார். மலைச்சரிவில் அடுக்கடுக்காக எழுந்த அந்நகருக்கு வருவோர், குடியிருப்புக் கட்டடத்தினுள் புகுந்து செல்லும் ரயிலையும், 1987 முதல் யாங்சி ஆற்றைக் கடந்துவரும் கம்பிவட ஊர்தியையும் பார்த்துவிட்டு, ஜியாலிங் ஆறு யாங்சியுடன் சேரும் இந்தக் கூடுதுறைக்கும் வந்து நிற்கிறார்கள்.

நிறவேறுபாட்டுக்குக் காரணம் வண்டல். பெரும்பாலும் யாங்சி கலங்கியும் ஜியாலிங் தெளிந்தும் இருக்கும். ஜியாலிங் படுகையில் பெருமழை பெய்தால் இது தலைகீழாகவும் மாறும்.

வியப்பு கலப்பின் வேகத்தில்தான் இருக்கிறது. ஓடும் நீரைக் கலக்குபவை சுழிகள். அவை பெரும்பாலும் ஆற்றின் ஆழத்தைவிடப் பெரிதாக வளர முடியாது; ஆறோ ஆழத்தைப்போல் பல மடங்கு அகலமானது. ஆகவே மேற்பரப்பு நீர் அடிமட்டத்தை விரைவில் எட்டிவிடும். ஒரு கரையின் நீர் மறுகரையை அடைய வேண்டுமானால், சிறு சுழி ஒன்றிடமிருந்து அடுத்த சுழிக்குக் கைமாறிக் கைமாறித்தான் போகவேண்டும். ஒவ்வொரு கைமாற்றமும் முன்னே தள்ளுமா பின்னே இழுக்குமா என்பது நிச்சயமில்லை. இத்தகைய தடுமாறும் நடையில் 10 மடங்கு தொலைவைக் கடக்க ஏறத்தாழ 100 மடங்கு நேரம் பிடிக்கும். அதற்குள் நீரோட்டம் அந்நீரை வெகுதூரம் கொண்டுபோய்விடுகிறது.

குளிர்ந்த நீரும் வண்டல் மிகுந்த நீரும் எடை கூடியவை என்பதால், வேறுபாடு போதிய அளவில் இருந்தால் ஒன்று மற்றதன் அடியில் நழுவிச் செல்லும்; மேலே தெரியும் எல்லை அடியில் வேறிடத்தில் இருக்கலாம்.

இத்தகைய படங்களை "இந்த நீர்கள் ஒருபோதும் கலப்பதில்லை, இது தெய்வச் செயல்" என்ற வரியுடன் வாட்சப்பில் பரப்புவது எனக்கு வருத்தமளிக்கிறது. அவை கலக்கின்றன, கீழ்நோக்கிப் படகில் சென்றால் நிறங்கள் ஒன்றாவதைக் கண்ணாலேயே காணலாம்.

பார்க்கச் செல்வோருக்குக் கோடைக்காலமே ஏற்றது. குளிர்காலத்தில், யாங்சியில் கீழே கட்டப்பட்டுள்ள மூன்று பள்ளத்தாக்கு அணையின் நீர்மட்டம் 175 மீட்டர் வரை உயர்த்தப்படும்போது தேங்கும் நீர் சோங்கிங் வரை எட்டி, ஓட்டம் தளர்ந்து வண்டல் படிந்துவிடுகிறது. வெள்ளக்காலத்தில் மட்டம் 145 மீட்டர் அளவுக்கு இறக்கப்படுவதால் ஆறு தன் வேகத்தையும் வண்டலையும் திரும்பப் பெறுகிறது. அப்போது அந்த எல்லைக்கோட்டை உற்றுப் பாருங்கள்: வேகம் மிகுந்த நீர் மந்தமான நீரை உரசி இழுக்கும் இடத்தில், கோலத்தின் சுழிகளைப்போல் வரிசையாகச் சுழல்கள் உருண்டு செல்லும்.