குளத்திலிருந்து மூக்குக்கு

மேட்டூர் தண்ணீர் வருவதற்கு முந்தைய வைகாசியை டெல்டாவில் பார்த்தவர்களுக்குத் தெரியும், குளம் வற்றி நடுவில் கொஞ்சம் கலங்கல் மட்டும் நிற்கும், அதில்தான் எருமையும் முங்கும், பையன்களும் குதிப்பார்கள். அப்போது மண்துகள் உரசி மூக்கின் உள்தோலில் சின்னக் கீறல் விழுந்தால், அதன் வழியே ரைனோஸ்போரிடியம் சீபெரி என்ற கிருமி குடியேறலாம் என்பது பலரும் ஏற்கும் கருத்து. குடியேறினால் மூக்குக்குள் ஒரு சதை வளரும், இந்த நோய்க்கு ரைனோஸ்போரிடியோசிஸ் என்று பெயர். தமிழ்நாடு, கேரளம், இலங்கைப் பக்கம்தான் இது அதிகம்.

2021ல் எல்லோரையும் பயமுறுத்திய கருப்புப் பூஞ்சை இல்லை இது. அது சில நாட்களில் கண்ணையும் மூளையையும் எட்டிவிடும். இது மாதக்கணக்கில் நிதானமாக வளரும். ஒரு பக்க மூக்கு அடைக்கும், சிந்தினால் ரத்தம் வரும், 'சூடு' என்று இளநீர் குடித்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

டாக்டர் எண்டோஸ்கோப்பை விட்டுப் பார்த்தால் ஓரளவு உடனே தெரிந்துவிடும். சாதாரண மூக்குச்சதை வெளிறி, நுங்குச் சுளை போல வழவழப்பாக இருக்கும். இது சிவப்பு, தொட்டாலே ரத்தம், மேலே வெள்ளைப் புள்ளிகள். புத்தகத்தில் ஸ்ட்ராபெரி என்று எழுதியிருப்பார்கள். நம்மூரில் ஸ்ட்ராபெரிக்கு எங்கே போவது, கோவைப்பழத்தில் ரவையைத் தூவினாற்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு பை, உள்ளே ஆயிரக்கணக்கில் வித்துகள். பயாப்சியில் சாயமேற்றிப் பார்த்தால் தடித்த சுவருள்ள இந்தப் பைகள் தெரியும், அதோடு சந்தேகம் தீர்ந்தது. லேபில் வளர்த்துப் பார்க்கலாம் என்றால் வழக்கமான வளர்ப்புத் தட்டில் இது வளராது.

1900ல் அர்ஜென்டினாவில் கியெர்மோ சீபெர் இதை விவரித்தார். பின்னால் வந்தவர்கள் பூஞ்சைக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். 1999ல் மரபணுவைப் படித்தபோதுதான், இது பூஞ்சையே இல்லை, மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணிகளின் பங்காளி என்று தெரிந்தது. பூஞ்சை மருந்துகள் ஏன் பெரிதாகப் பலிக்கவில்லை என்பதும் அப்புறம்தான் புரிய ஆரம்பித்தது.

சரி, வைத்தியம்? அறுவைதான். சதையை முழுசாக எடுத்து, அது ஒட்டியிருந்த அடித்தளத்தை மின்சூட்டால் சுட வேண்டும். இந்தச் சூடு வைப்பதில்தான் விஷயமே இருக்கிறது, ஏனென்றால் பை உடைந்து வித்து பக்கத்துத் தோலில் சிதறினாலோ வேர்ப்பகுதி மிஞ்சினாலோ திரும்ப முளைக்கும். அதனால் பலர் தொழுநோய்க்குக் கொடுக்கும் டாப்சோன் மாத்திரையைச் சில மாதங்களுக்குச் சேர்த்துக் கொடுக்கிறார்கள், வித்து முற்றுவதை அது தடுக்கும் என்று. ஆனால் ஜி6பிடி என்சைம் குறைவாக உள்ளவர்களுக்கு அதே மாத்திரை சிவப்பணுக்களை உடைத்துவிடும் என்பதால், முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள்.