புல்லைக் கேட்டுவிட்டுக் கூடாரத்தைத் தேர்ந்தெடுங்கள்

செரெங்கெட்டிக்கு எந்த மாதம் போகலாம்? எந்தக் கூடார முகாம் நல்லது? பயணத்துக்குத் திட்டமிடுபவர்கள் இவற்றை இரண்டு கேள்விகளாகக் கேட்கிறார்கள். முதல் கேள்விக்கு ஒரு மாதத்தின் பெயரும், இரண்டாவதற்கு அழகான படுக்கை, பித்தளை விளக்கு, மெத்தை நாற்காலி கொண்ட ஒரு படமும் பதிலாகக் கிடைக்கின்றன. பணத்தையும் கட்டிவிடுகிறார்கள். போய் இறங்கினால் விலங்குகள் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மேய்ந்துகொண்டிருக்கும். இவை இரண்டும் உண்மையில் ஒரே கேள்வி: அந்த மாதத்தில் புல்லும் தண்ணீரும் எங்கே இருக்கும்?

தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்கா 14,763 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. வடக்கே எல்லை தாண்டினால் கென்யாவின் மாசாய் மாரா. தென்கிழக்கே கொரொங்கோரோ பாதுகாப்புப் பகுதி. இந்த மொத்த நிலத்தையும் சுமார் 13 லட்சம் வில்டபீஸ்ட்கள் (மாடுபோன்ற பெரிய மான்கள்) ஆண்டுக்கு ஒரு முறை வலம் வருகின்றன. லட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் தாம்சன் சிறுமான்களும் கூடவே போகின்றன. டிசம்பர் முதல் மார்ச் வரை தெற்கே, இண்டுட்டு ஏரியைச் சுற்றிய குட்டைப்புல் சமவெளியில் இருக்கும். மே, ஜூனில் மேற்கே குருமெட்டி ஆற்றுப் பக்கம் நகரும். ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றங்கரையில். நவம்பரில் மீண்டும் தெற்கு நோக்கி. பள்ளிப் பாடத்தில் படித்தது போதும், இதை யாரும் சொல்லிவிடலாம். ஏன் இப்படி அலைகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அது புரிந்தால் முகாம் தேர்வு தானாகவே அமைந்துவிடும்.

வடக்கே ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை. வற்றாத ஆறு. ஆள் மறையும் அளவுக்குப் புல். தெற்கே அதில் பாதிதான், 500 மில்லிமீட்டர் அளவில். மரமே இல்லாத, கணுக்கால் உயரப் புல் மட்டும் உள்ள வெட்டவெளி. வடக்கிலேயே ஆண்டு முழுதும் சுகமாக இருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். ஆனால் தெற்கில் மழை விழுந்ததும் ஒட்டுமொத்தக் கூட்டமும் அந்த வெட்டவெளிக்குப் போய்விடுகிறது. காரணம் மண்ணில் இருக்கிறது.

சமவெளியின் கிழக்கே கொரொங்கோரோ மலைத்தொகுதி, 3,000 மீட்டருக்கும் மேல் உயரும் சிகரங்களோடு நிற்கிறது. இந்தியப் பெருங்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் கீழைக்காற்று அதில் மோதி மேலேறிக் குளிர்ந்து, மழையைக் கிழக்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. மறுபக்கம் இறங்கும்போது வறண்டு சூடாகிறது. ஆக, தெற்குச் சமவெளி மழை மறைவுப் பகுதி. வடமேற்குக்கு அந்தக் குறை இல்லை. விக்டோரியா ஏரி பக்கத்திலேயே இருந்து ஈரம் கொடுக்கிறது.

அதே மலைத்தொகுதி எரிமலைகளால் ஆனது. பழைய கெரிமாசியும், இன்றும் உயிரோடிருக்கும் ஓல் டொய்ன்யோ லெங்காயும் நெடுங்காலமாகச் சாம்பலைக் கக்கி வந்திருக்கின்றன. காற்று அதை மேற்கே தள்ளிச் சமவெளி முழுதும் தூவியது. மாசாய் மொழியில் ‘கடவுளின் மலை’ எனப்படும் லெங்காய், உலக எரிமலைகளிலேயே தனி ஆள். மற்ற எரிமலைகள் சிலிக்கா மிகுந்த குழம்பைக் கக்க, இது சோடியமும் கால்சியமும் மிகுந்த கார்பனேட் குழம்பைக் கக்குகிறது. வெளிவரும்போது கறுப்பாக, எண்ணெய்போல் ஓடும். ஈரம் பட்டதும் வெளுத்துப்போகும். இன்று இப்படிக் கக்கிக்கொண்டிருக்கும் எரிமலை உலகில் வேறெதுவும் இல்லை.

இந்தச் சாம்பல் மீது நல்ல மழை பெய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உப்புகள் எல்லாம் கரைந்து ஆற்றோடு போயிருக்கும். வடக்கில் பழைய கருங்கல்லிலிருந்து உண்டான மண்ணுக்கு ஏறக்குறைய அதுதான் நேர்ந்தது. தெற்கிலோ மழை போதவில்லை. விழுகிற நீர் கால்சியத்தைக் கரைத்துக்கொண்டு கொஞ்சம் கீழே இறங்குகிறது. அதற்குமேல் இறங்கத் தெம்பில்லாமல் அங்கேயே நின்று ஆவியாகிறது. கரைந்திருந்த கால்சியம் கார்பனேட் அந்த ஆழத்திலேயே படிகிறது. ஆண்டாண்டாக இது நடந்து, மண்ணுக்கடியில் சுண்ணாம்புத் தளம் போட்டதுபோல ஒரு கெட்டித் தட்டு உருவாகிவிட்டது. மரத்தின் வேர் அதைத் துளைக்க முடியாது. ஆகவே மரம் இல்லை. தட்டுக்கு மேலுள்ள மெல்லிய மண்ணில் புல் மட்டும் வளர்கிறது. கால்சியம், சோடியம், பாஸ்பரஸ் அனைத்தும் வேருக்கு எட்டும் தூரத்திலேயே தங்கிவிட்டன.

ஒரே மலைதான் மழையை மறைத்ததும், சாம்பலைத் தந்ததும். மழையை மறைத்ததால்தான் தந்த உரம் அடித்துக்கொண்டு போகாமல் நின்றது. வறட்சியே வளத்தைக் காக்கிறது! செரெங்கெட்டியின் பேரதிசயமாகச் சொல்லப்படும், கூட்டங்கள் மாரா ஆற்றைக் கடக்கும் ஆற்றுத்தாண்டலைக் காட்டிலும் எனக்கு இதுவே பெரிய அதிசயம்.

பால் கொடுக்கும் தாய்க்குக் கால்சியமும் பாஸ்பரஸும் அதிகம் தேவை. சூழலியலாளர் சாமுவேல் மெக்நாட்டன் பல இடத்துப் புற்களைப் பகுப்பாய்ந்து 1990இல் வெளியிட்ட ஆய்வு, மழைக்காலத்தில் கூட்டங்கள் தங்குமிடங்களுக்கும் புல்லில் உள்ள தாதுக்களுக்கும் இருக்கும் தொடர்பைக் காட்டியது. குட்டைப்புல்லுக்கு இன்னும் இரண்டு நன்மைகள் உண்டு. மேய மேயத் துளிர்ப்பதால் அது எப்போதும் இளம்புல்லாகவே இருக்கிறது. நார் குறைவு, புரதம் அதிகம். அசைபோடும் விலங்கின் இரைப்பையில் நார் மிகுந்த புல் நெடுநேரம் தங்கிவிடும். அடுத்த கவளத்துக்கு இடமிருக்காது. (வரிக்குதிரை அசைபோடுவதில்லை. முரட்டுப் புல்லையும் வேகமாக உள்ளே தள்ளி வெளியேற்றிவிடும். அதனால்தான் நெட்டைப்புல் காட்டில் அது முன்னே போகிறது.) இரண்டாவது நன்மை, அந்த வெட்டவெளியில் சிங்கம் பதுங்க இடமில்லை.

எனவே ஈற்று அங்கே நடக்கிறது. பிப்ரவரியை ஒட்டிய இரண்டு மூன்று வாரங்களில் ஆண்டின் பெரும்பாலான கன்றுகள் விழுந்துவிடும். பிறந்த கன்று பத்து நிமிடத்துக்குள் எழுந்து நிற்கும். கழுதைப்புலிகளும் சிங்கங்களும் எத்தனை இருந்தாலும் ஒரு நாளில் தின்ன முடிந்தது இவ்வளவுதான். லட்சக்கணக்கான கன்றுகள் ஒரே நேரத்தில் வந்தால் பெரும்பாலானவை தப்பிவிடும். முந்திப் பிறந்தாலும் பிந்திப் பிறந்தாலும் ஆபத்து கூடும்.

அப்படியானால் அங்கிருந்து ஏன் கிளம்ப வேண்டும்? மே மாதத்தில் மழை நின்றதும் குட்டைகள் வற்றத் தொடங்குகின்றன. சாம்பல் மண் தந்த உப்புகள் எஞ்சிய நீரில் செறிந்து, குடிக்கவே முடியாமல் போகிறது. பச்சைப்புல் இருக்கும்வரை ஓரளவு சமாளிக்கலாம். காய்ந்த புல்லைத் தின்னும் வில்டபீஸ்ட் ஓரிரு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் குடித்தாக வேண்டும். நல்ல சோறு தெற்கே, நம்பகமான தண்ணீர் வடக்கே. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அத்தனை நடையும்.

இனி முகாமுக்கு வருவோம். கூடார முகாம்களில் இரண்டு வகை உண்டு. நிலையான முகாமில் மரத் தளத்தின்மேல் கூடாரம், குழாய்த் தண்ணீர், தண்ணீர் அடிக்கும் கழிப்பறை எல்லாம் இருக்கும், இடம் மாறாது. பருவ முகாமை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கழற்றிப் புது இடத்தில் அடிப்பார்கள்: டிசம்பர் முதல் மார்ச் வரை இண்டுட்டுப் பக்கம், ஜூன் பிற்பகுதியிலிருந்து வடக்கே மாரா ஆற்றங்கரையிலுள்ள கோகாடெண்டே பக்கம். குளிப்பதற்குக் கூடாரத்துக்குப் பின்னால் கப்பியில் ஏற்றிய ஒரு வாளி வெந்நீர், சுமார் 20 லிட்டர். உடம்பை நனைத்ததும் மூடி, சோப்பு போட்டபின் திறந்தால் தாராளமாகப் போதும். ‘நகரும் முகாம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து, கூட்டத்தின் பின்னாலேயே தினமும் நகரும் என்று எண்ணிவிடக் கூடாது.

முகாம்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, நீங்கள் தங்கும் தேதிகளில் முகாம் வரைபடத்தில் எந்தப் புள்ளியில் இருக்கும் என்பதை. ‘செரெங்கெட்டியில்’ என்ற பதில் செல்லாது. இண்டுட்டுக்கும் கோகாடெண்டேக்கும் நேர்கோட்டிலேயே சுமார் 160 கிலோமீட்டர். மண் சாலையில் பகல் பொழுது முழுதும் போய்விடும்.

பிப்ரவரி என்றால் இண்டுட்டு. அதில் பெரும்பகுதி கொரொங்கோரோ பாதுகாப்புப் பகுதிக்குள் வருவதால் வண்டி தடத்தை விட்டு இறங்கலாம். தேசியப் பூங்காவுக்குள் அது கூடாது. ஈற்றையும் சிவிங்கிப்புலி வேட்டையையும் பார்க்க வருபவர்களுக்கு இது பெரிய வேறுபாடு. ஆனால் ஜனவரி மழை பொய்த்தால் கூட்டம் சமவெளியை விட்டு மரக்காட்டு ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். ஆகவே சமவெளியின் நட்டநடுவே இருப்பதைவிடக் காடும் வெளியும் சேரும் விளிம்பில் உள்ள முகாம் பாதுகாப்பான தேர்வு.

ஆகஸ்ட், செப்டம்பர் என்றால் கோகாடெண்டே அல்லது மாரா. ஆற்றுத்தாண்டலுக்குத் தேதி சொல்பவரை நம்ப வேண்டாம். ஒரே கூட்டம் காலையில் வடக்கே தாண்டி மறுநாளே தெற்கே திரும்புவதும் உண்டு. எந்தக் கரையில் மழை விழுந்து புல் துளிர்க்கிறது என்பதைப் பொறுத்தது அது. நாள், நட்சத்திரம் பார்ப்பதுபோல் அச்சடித்த மாதப் படங்களைப் பார்த்து ஒரே ஒரு இரவுக்குப் பதிவு செய்வது வீண்செலவு. குறைந்தது மூன்று நான்கு இரவுகள் ஒரே இடத்தில் இருங்கள். மாசாய் மாரா காப்பகத்தில் வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் 2024 முதல் நாளுக்கு ஜனவரி–ஜூனில் 100 டாலர், ஜூலை–டிசம்பரில் 200 டாலர். கணக்குப் போடும்போது இதை மறக்க வேண்டாம். காப்பகத்தை ஒட்டி மாசாய் மக்களின் நிலத்தில் அமைந்த தனிக் காப்பிடங்களில் வண்டிகள் குறைவு. காப்பகத்துக்குள் அனுமதியில்லாத இரவு உலாவும் நடைப்பயணமும் அங்கே உண்டு.

ஏப்ரல், மே மாதங்களில் முகாம்கள் பல மூடிவிடும். மழைகூடப் பெரிய தொல்லையில்லை, கரிசல் மண்தான். மேற்கிலும் வடக்கிலும் பள்ளமான இடங்களில் அந்தக் களிமண் நீரை உறிஞ்சி உப்பி வழுக்கும். நான்கு சக்கரமும் சுழலும் வண்டிகூட அச்சு வரை இறங்கிவிடும். திறந்திருக்கும் முகாம்களில் விலை குறைவு, கூட்டமும் இல்லை. அப்போது போனால் ஆண்டு முழுதும் இடம் மாறாத சிங்கங்களும் சிறுத்தைகளும் இருக்கும் மத்தியப் பகுதியான செரொனெராவைத் தேர்ந்தெடுங்கள்.

சிறு விமானத்தில் போவதானால் சுமை பொதுவாக 15 கிலோ வரைதான், அதுவும் சக்கரம் இல்லாத துணிப்பையில். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இரவுக் குளிர் கடுமையாக இருக்கும். கொரொங்கோரோ விளிம்பு 2,300 மீட்டர் உயரம். கருநீலமும் கறுப்பும் உடுத்த வேண்டாம்: கடித்து இரத்தம் உறிஞ்சும் செட்சி ஈயைப் பிடிக்க வைக்கும் பொறிகள் அதே நிறத் துணியால்தான் செய்யப்படுகின்றன. மரக்காட்டு முகாம்களில் இந்த ஈ அதிகம், குட்டைப்புல் வெளியில் குறைவு. பூச்சிவிரட்டிக் களிம்பு இதனிடம் சரியாக எடுபடுவதில்லை.

முகாமுக்கு வேலி இருக்காது. இருட்டியபின் காவலரான அஸ்காரி துணையில்லாமல் கூடாரத்தை விட்டு வெளியே வரக் கூடாது; சாப்பாட்டுப் பொருளை உள்ளே வைக்கக் கூடாது; ஜிப்பைக் கடைசி அங்குலம் வரை இழுத்து மூட வேண்டும். முழுநிலவு இரவில் சிங்கத்தால் ஆபத்து அதிகம் என்ற பயத்தில் ஓர் உண்மை இருக்கிறது, ஆனால் நாள் ஒன்று தள்ளி. தெற்குத் தான்சானியாவில் மனிதர்மீது நடந்த சிங்கத் தாக்குதல்களை ஆராய்ந்து சிங்க ஆய்வாளர் கிரெய்க் பேக்கரும் குழுவினரும் 2011இல் வெளியிட்டதன்படி, ஆபத்து மிகுவது முழுநிலவுக்கு அடுத்த நாட்களில், சூரியன் மறைந்து நிலா எழாத அந்த இருட்டு வேளையில். நிலவொளியில் வேட்டை சரியாக அமையாமல் பசியோடிருக்கும் சிங்கங்கள் அவை. நிலாவைக் கெட்ட சகுனமாக்குவதைவிட, மாலை ஏழு மணிக்கு அஸ்காரியைக் கூப்பிடுவது பயன் தரும்.

இத்தனையும் தெரிந்தது பல பத்தாண்டுகள் விடாமல் எண்ணியதால். 1960களின் தொடக்கத்தில் இங்கே இருந்த வில்டபீஸ்ட்கள் சுமார் இரண்டரை லட்சம். மாடுகளையும் வில்டபீஸ்ட்களையும் கொன்ற வெக்கை நோய்க்குக் கால்நடை மருத்துவ அறிவியலாளர் வால்டர் பிளவ்ரைட் உருவாக்கிய தடுப்பூசியைச் சுற்றுவட்டார மாடுகளுக்குப் போட்டார்கள். நோய் மாட்டிலிருந்து காட்டுக்குத் தாவுவது நின்றது. 1977க்குள் எண்ணிக்கை 13 லட்சம். தின்ன வாய் கூடியதால் காய்ந்த புல் குறைந்தது, காட்டுத்தீ குறைந்தது, மரங்கள் திரும்பின. மூன்று ஆண்டுத் திட்டம், புதுமையான முடிவு என்று மட்டுமே நிதி கொடுத்திருந்தால் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிகூடக் கண்ணில் பட்டிருக்காது. விமானத்தில் பறந்து தலை எண்ணும் சலிப்பான வேலைக்குப் பணம் கொடுப்பதுதான் அறிவியலுக்குச் செய்யும் நல்ல கொடை.

ஆற்றங்கரை முகாமைத் தேர்ந்தவர்களுக்கு இன்னொன்று. தாண்டும்போது மூழ்கி மாரா ஆற்றில் மிதக்கும் உடல்கள் ஆண்டுக்குச் சராசரியாக 6,250 என்று 2017இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. எடை 1,100 டன். கழுகுகளும் மராபு நாரைகளும் முதலைகளும் மீன்களும் சதையைச் சில வாரங்களில் தீர்த்துவிடும். எலும்பு கரைய ஏழு ஆண்டுகள் ஆகும். கரையோரக் கல்லிடுக்குகளில் வெளுத்துக் கிடக்கும் அந்த எலும்புகளைத் தேடிப் பாருங்கள், அவற்றின்மேல் பாசி படர்ந்திருக்கும். தெற்குச் சாம்பல் மண்ணின் பாஸ்பரஸ் புல்லாகி, பாலாகி, எலும்பாகி, இப்போது வடக்கு ஆற்றில் சிறுகச் சிறுகக் கரைந்துகொண்டிருக்கிறது.