குறைந்தபட்சக் கூலி ஏறும்போது அந்தக் காசு எங்கிருந்து வருகிறது?

சிறு நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கும் வரவு செலவும் பார்த்துக் கொடுப்பது என் வேலை. குறைந்தபட்சக் கூலியை உயர்த்தப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தால் போதும், அந்த வாரம் முழுக்க எனக்குப் போன்தான். முதலாளிகள் கேட்பது, "எத்தனை பேரை நிறுத்தணும்?" வேலை செய்பவர்கள் கேட்பது, "எங்க வேலை இருக்குமா சார்?" இரண்டு பக்கமும் கேள்வி ஒன்றுதான். டிவி விவாதங்களும் அதோடு நின்றுவிடும். கணக்கோடு உட்காருகிற எனக்கு அது இரண்டாவது கேள்வி. கூடுதல் சம்பளம் எங்கிருந்தோ வந்தாக வேண்டிய காசு. அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால்தான் வேலை போகுமா என்பதற்கே பதில் கிடைக்கும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கூலி 10 சதவீதம் ஏறுகிறது என்றதும் தன் மொத்தச் செலவே 10 சதவீதம் ஏறிவிட்ட மாதிரிதான் பலரும் பேச ஆரம்பிப்பார்கள். எழுதிப் பார்த்தால் அப்படி வராது. விற்பனை 100 என்றால் அதில் சம்பளத்துக்குப் போவது 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 30-ம் குறைந்தபட்சக் கூலி வாங்குகிறவர்களுக்கே போவதில்லை, பாதி போகும், அதாவது 15. அந்த 15-இல் 10 சதவீதம் ஒன்றரை. இதற்கு மேல் ஒரு செலவு உண்டு, பலரும் மறந்துவிடுவது: புதிதாகச் சேர்ந்தவருக்குக் கூலி ஏறினால், அவருக்குச் சற்று மேலே இருக்கும் சீனியர் சும்மா இருக்க மாட்டார், அவருக்கும் கொஞ்சம் ஏற்றித்தான் ஆக வேண்டும். அதையும் சேர்த்து 2 என்று போடுங்கள். ஆக 100-க்கு விற்றதை 102-க்கு விற்க முடிந்தால் கணக்கு நேர்.

இதைக் காட்டியதும் போனில் குரல் இறங்கிவிடும். ஆனால் உடனே, "பார்த்தீர்களா, வெறும் 2 சதவீதம்தானே, முதலாளிகள் சும்மா கத்துகிறார்கள்" என்று சொல்லிவிடவும் கூடாது. செலவெல்லாம் போக 100-க்கு 4 மட்டுமே நிற்கிற தொழில்கள் நிறைய. அங்கே விலையை ஏற்ற முடியாமல் போனால் லாபத்தில் பாதி போய்விடும். அப்போது ஏற்றலாமா முடியாதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

விலையை ஏற்ற முடிகிற இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஹங்கேரி நல்ல உதாரணம். 2001, 2002 என்று இரண்டே ஆண்டுகளில் அங்கே குறைந்தபட்சக் கூலியைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கினார்கள். பிற்பாடு நிறுவனங்களின் கணக்குகளை வைத்து ஹராஸ்டோசி, லிண்ட்னர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். கூடுதல் செலவில் சுமார் 75 சதவீதத்தை விலை வழியாக வாடிக்கையாளர்கள் கொடுத்திருந்தார்கள், 25 சதவீதம் முதலாளிகளின் லாபத்திலிருந்து போயிருந்தது. போன வேலைகள் கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சமும் எங்கே அதிகம் போனது என்று பார்த்தால், வெளிநாட்டுச் சரக்கோடு போட்டி போடுகிற, விலையை நினைத்த மாதிரி ஏற்ற முடியாத தொழில்களில்.

இதன் கடுமையான வடிவத்தை அமெரிக்கன் சமோவாவில் பார்க்கலாம். பசிபிக்கில் அமெரிக்க ஆட்சிக்குக் கீழே இருக்கும் ஒரு சின்னத் தீவுக்கூட்டம், டூனா மீனை டின்னில் அடைப்பதுதான் பெரிய தனியார் தொழில். 2007-இல் அமெரிக்கச் சட்டம் அங்கேயும் கூலியை ஆண்டுக்கு 50 சென்ட் வீதம் ஏற்றச் சொன்னது. 2009-இல் இரண்டு பெரிய ஆலைகளில் ஒன்று மூடிவிட்டது. கூலி மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் பக்கத்துத் தெருவில் முடி வெட்டுகிறவர் தொழிலை வேறு நாட்டுக்குக் கொண்டுபோக முடியாது, மீன் ஆலை கொண்டுபோகலாம். அமெரிக்க நாடாளுமன்றமே அடுத்தடுத்த உயர்வுகளைத் தள்ளிவைத்தது.

சரி, பாடப்புத்தகம் என்ன சொல்கிறது? விலை ஏறினால் வாங்குவது குறையும், ஆகவே கூலி ஏறினால் ஆள் எடுப்பது குறையும். நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி மாநிலம் ஒரு மணி நேரக் கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியபோது, டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அங்கும், கூலி ஏறாத பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவின் கிழக்குப் பகுதியிலும் இருந்த 410 ஃபாஸ்ட்ஃபுட் கடைகளை விசாரித்தார்கள். நியூ ஜெர்சியில் வேலை குறையவில்லை. 1994-இல் இது வெளிவந்ததும் பெரிய சண்டை. நியூமார்க், வாஷர் என்ற இருவர் கடைகளின் சம்பளப் பதிவேடுகளை வைத்துக் கணக்கிட்டு, இல்லை, வேலை குறைந்தது என்றார்கள். சண்டை இன்னும் முழுதாக ஓயவில்லை, ஆனாலும் 2021-இல் கார்டுக்குப் பொருளாதார நோபல் பரிசில் பாதி கிடைத்தது (க்ரூகர் 2019-லேயே இறந்துவிட்டார்). அப்புறம் 2019-இல் அமெரிக்க மாநிலங்களில் 1979 முதல் 2016 வரை நடந்த 138 உயர்வுகளை ஒன்றாக வைத்து ஓர் ஆய்வு வந்தது. புதிய கூலிக்குக் கீழே காணாமல் போன வேலைகளும், அந்தக் கூலியிலும் அதற்குச் சற்று மேலேயும் புதிதாகத் தென்பட்ட வேலைகளும் ஏறக்குறைய சமமாக இருந்தன.

ஏன் இப்படி? ஒரு காரணம், கூலியை முடிவு செய்கிற பலம் பெரும்பாலும் ஆள் எடுப்பவர் கையில் இருப்பது. பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் ஜோன் ராபின்சன் 1933-லேயே எழுதிய விஷயம் இது. பக்கத்தில் வேறு வேலை இல்லை, போக்குவரத்து இல்லை, வீட்டில் குழந்தை, இப்படி ஆயிரம் காரணத்தால் தொழிலாளி சட்டென்று இடம் மாற முடியாது, அதனால் அவர் உழைப்பின் மதிப்புக்குக் கீழேயே கூலி நிற்கும். அந்த இடைவெளிக்குள் கூலி ஏறினால் வேலை போக வேண்டிய அவசியமில்லை. எந்த நேரமும் "ஆள் தேவை" போர்டு தொங்குகிற இடங்களைப் பாருங்கள். ஆள் கிடைக்கவில்லை என்பார்கள், அந்தக் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் விஷயம்.

இன்னொரு காரணம் என் மேஜைக்கு நேராக வருவது. ஆள் விட்டுப் போனால் ஆகும் செலவுக்குப் பெரும்பாலான சிறு நிறுவனங்களில் தனிக் கணக்கே கிடையாது. விளம்பரம், நேர்காணல், பழக்கிவிடுகிற நாட்கள், புதியவர் கெடுக்கிற சரக்கு, அதுவரை மற்றவர்களுக்குத் தரும் ஓவர்டைம், எல்லாம் வேறு வேறு தலைப்பில் சிதறிக் கிடக்கும். கூலி ஏறிய பிறகு ஆட்கள் நிலைத்து நிற்பது ஆய்வுகளிலும் திரும்பத் திரும்ப வந்த முடிவு. முதலாளிகளிடம் நான் முதலில் கேட்பதும் இதைத்தான்: போன வருஷம் எத்தனை பேர் விட்டுப் போனார்கள், ஒருவருக்குப் பதில் இன்னொருவரைச் சேர்க்க எவ்வளவு செலவானது? பாதிப் பேருக்கு மேல் பதில் இருக்காது.

இதுவரை படித்துவிட்டு, அப்போ தொழிலாளிக்கு முழு லாபம்தான் என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஆளை நிறுத்தாமலே செலவைக் குறைக்க வழிகள் உண்டு, அவை வேலை இழப்புப் புள்ளிவிவரத்தில் வரவே வராது. முதல் வழி, வேலை நேரம். சியாட்டில் நகரம் 2015-இல் 11 டாலர் வரைக்கும், 2016-இல் 13 டாலர் வரைக்கும் கூலியை உயர்த்தியபோது வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு தனித்தனித் தொழிலாளிகளைத் தொடர்ந்து பார்த்தது. யாருக்கும் வேலை போகும் வாய்ப்பு கூடவில்லை, ஆனால் வேலை நேரம் குறைந்தது. அனுபவம் உள்ளவர்களுக்கு நேரம் கொஞ்சம் குறைந்தும் வருமானம் நன்றாகவே கூடியது. அனுபவம் இல்லாதவர்களுக்கு நேரக் குறைப்பு அதிகம், புதியவர்களை எடுப்பதும் குறைந்தது. உள்ளே இருப்பவருக்கு நல்லது, கதவைத் தட்டுபவருக்குக் கஷ்டம். வேலை தேடும் இளைஞர்களைப் பற்றிப் பேசாமல் இந்த விவாதத்தை நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆகவே சம்பளம் வாங்குகிறவர்கள் மணிக்கு எவ்வளவு என்பதை மட்டும் பார்க்காதீர்கள். உயர்வுக்கு முந்தைய மாதச் சம்பளச் சீட்டையும் பிந்தையதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மொத்த மணி நேரம் குறைந்திருக்கிறதா? தனியாக வந்துகொண்டிருந்த சாப்பாட்டுப்படி, பயணப்படியை அடிப்படைச் சம்பளத்துக்குள் போட்டுவிட்டு "ஏற்றிவிட்டோம்" என்கிறார்களா? சீருடைக்கும் சாப்பாட்டுக்கும் புதிதாகப் பிடித்தம் வந்திருக்கிறதா? திறக்கும் முன் கால் மணி, மூடிய பின் கால் மணி கணக்கில் ஏறுகிறதா? இவற்றில் சில பல நாடுகளில் சட்டப்படியே தவறு, சில தவறில்லை. எதுவாக இருந்தாலும் கையில் வரும் தொகைதான் உண்மையான உயர்வு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு உதவித்தொகை தரும் நாடுகளில் இன்னொன்றும் உண்டு: சம்பளம் ஏறியதும் உதவி குறையலாம், அதையும் கழித்துப் பாருங்கள்.

ஜெர்மனி விஷயம் கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே 2015 ஜனவரியில்தான் நாடு முழுவதற்குமான குறைந்தபட்சக் கூலி வந்தது, மணிக்கு 8.50 யூரோ. வேலைகள் பெருவாரியாகப் போகும் என்ற பயம் பலிக்கவில்லை. குறைந்த கூலிக்காரர்கள் சிறிய, கூலி குறைந்த நிறுவனங்களிலிருந்து பெரிய, திறமையாக நடக்கிற நிறுவனங்களுக்கு நகர்ந்தார்கள். நாட்டுக்கணக்கில் இது லாபம். மூடிய சிறு கடையின் உரிமையாளருக்கு அது லாபமில்லை, அவர் சிறு முதல் போட்டு இரவு பகல் உழைத்தவராக இருப்பார். குறைந்த கூலி இருந்தால் மட்டுமே ஓடும் தொழில் நீண்ட நாள் ஓடாது என்பது என் எண்ணம், ஆனால் அவருக்கு மாற ஒன்றிரண்டு வருஷம் அவகாசம் தரலாம்.

எவ்வளவு உயரம் வரை போகலாம்? இதற்குத் தொகையைச் சொல்லிப் பயனில்லை. அந்த ஊரில் சம்பளம் வாங்குகிற எல்லாரையும் வரிசையாக நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவர் என்ன வாங்குகிறாரோ, அதில் எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். பிரிட்டன் 1999-இல் மணிக்கு 3.60 பவுண்டில் எச்சரிக்கையாகத் தொடங்கி, முதலாளி தரப்பு, தொழிற்சங்கத் தரப்பு, ஆய்வாளர்கள் மூவரும் உட்கார்ந்த ஓர் ஆணையத்தின் பரிந்துரையோடு படிப்படியாக ஏறி, நடுச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை 2024-க்கான இலக்காக வைத்தது. ஒரே நாட்டுக்குள் ஒரே தொகை வைத்தால், பணக்கார நகரத்தில் அது யாரையும் தொடாது, ஏழை மாவட்டத்தில் பாதிப் பேரைத் தொடும். அமெரிக்கா முழுவதற்கும் 15 டாலர் என்ற திட்டத்தை 2021-இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் கணக்கிட்டபோது, 9 லட்சம் பேர் வறுமையிலிருந்து மேலே வருவார்கள், 14 லட்சம் வேலைகள் குறையும் என்று இரண்டையும் ஒரே அறிக்கையில் சொன்னது. அவரவர் தமக்குப் பிடித்த எண்ணை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதற்காக ஏற்றாமல் விட்டாலும் தொகை அப்படியே நிற்காது. அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையிலிருந்து 7.25 டாலர்தான். விலைவாசி ஏற ஏற அந்தக் கூலி ஒவ்வொரு வருஷமும் சத்தமில்லாமல் வெட்டப்படுகிறது, அதைச் செய்ய யாரும் வாக்களிக்க வேண்டியதில்லை. பல வருஷம் தூங்கிவிட்டு ஒரே அடியாக ஏற்றுவது என் வாடிக்கையாளர்கள் யாருக்கும் ஒத்துவராது. வருஷா வருஷம் சிறிதாக, முன்கூட்டியே சொல்லி ஏற்றினால் விலைப்பட்டியலையும் ஒப்பந்தங்களையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். நீண்ட கால ஒப்பந்தம் போடுகிற நிறுவனங்கள் கூலி ஏறினால் விலையும் இத்தனை சதவீதம் ஏறும் என்ற ஒரு வரியை இப்போதே சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால்தான் பலர் உயர்வு வந்த பிறகு வாடிக்கையாளரிடம் போய்க் கெஞ்ச வேண்டியிருக்கிறது.