போய்ச் சேராத பாக்கெட் செய்யும் வேலை

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "மோட்டார் ரூமில் கேமரா மாட்டி, சிம் போட்ட ரூட்டரில் இணைத்திருக்கிறேன். தோப்பில் நிற்கும்போது போனில் படம் வருகிறது. கோயம்புத்தூர் வந்துவிட்டால் வருவதில்லை. போர்ட் ஃபார்வர்டிங் செய்தும் பயனில்லை. ஏன்?"

முகவரிப் பஞ்சம்தான் காரணம். இணையத்தில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்தான் ஐ.பி. முகவரி. அதன் பழைய வடிவம் 32 பிட் கொண்டது. மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். உலகப் பொது இருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் ஒரு வெளி முகவரியைப் பல கருவிகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. உங்கள் கேமராவின் 192.168 என்று தொடங்கும் எண் தோப்புக்குள் மட்டுமே செல்லும். இந்தப் பங்கீட்டுக்கு நாட் (NAT) என்று பெயர். சிம் இணைப்பில் செல்பேசி நிறுவனமும் தன் பங்குக்கு இன்னொரு நாட் வைத்திருக்கும். வெளியிலிருந்து வருவதை ரூட்டரின் ஓர் எண்ணிட்ட வாசல் (போர்ட்) வழியாகக் கேமராவுக்கு அனுப்புவதுதான் போர்ட் ஃபார்வர்டிங். அப்படி நீங்கள் திறந்தது உள்வாசல். வெளிவாசலின் சாவி நிறுவனத்திடம் இருக்கிறது.

அது திறக்காமல் போனதே நல்லது என்பேன். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டு மாறாத கேமராக்களையும் ரூட்டர்களையும் இணையம் முழுக்கத் தேடிப் பிடித்துத் தன் படையாக்கியது. அதன் கையில் இருந்தவை 60 சொச்சம் பாஸ்வேர்டுகள் மட்டுமே. "போர்ட் எண்ணை மாற்றி வைத்தால் யாருக்கும் தெரியாது" என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். தாயத்துக் கட்டிக்கொள்வதற்கும் இதற்கும் நான் வேறுபாடு காணவில்லை. ரகசியம் சாவியில் மட்டுமே இருக்க வேண்டும், பூட்டின் அமைப்பு எதிரிக்குத் தெரிந்தாலும் பூட்டு தாங்க வேண்டும் என்று குறியாக்க அறிஞர் கெர்க்காஃப்ஸ் 1883-லேயே எழுதிவிட்டார்.

சரி, வழி என்ன? ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ போன்ற ஒரு சின்னக் கணினி போதும். 65 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம். சட்டைப் பையில் அடங்கும், போன் சார்ஜரில் ஓடும். அதைத் தோப்பு வைஃபையில் சேர்த்துவிட்டால், கேமராவில் எதையும் மாற்றாமல், உங்கள் போனுக்கும் கேமராவுக்கும் நடுவே ஆளாக நிற்கும். ஆனால் போனும் ஒரு நாட் வாசலுக்குப் பின்னால், இந்தப் பை கணினியும் ஒரு நாட் வாசலுக்குப் பின்னால். இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருக்க, எப்படிப் பேசிக்கொள்வது?

நான் மீண்டும் மீண்டும் வியக்கும் இடம் இதுதான். நாட் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. உள்ளிருந்து ஒரு பாக்கெட், அதாவது தகவலின் சிறு பொட்டலம், வெளியே போகும்போது, யார், யாருக்கு, எந்த போர்ட் வழியாக என்று அதில் ஒரு வரி எழுதும். வெளியிலிருந்து வருவது அந்த வரியோடு பொருந்தினால் உள்ளே விடும். பொருந்தாவிட்டால் சத்தமில்லாமல் வீசிவிடும்.

முதலில் போனும் பையும் தனித்தனியே பொது முகவரி உள்ள ஓர் அறிமுகக் கணினியைத் தொடர்புகொள்கின்றன. பை எந்த வெளி முகவரியில், எந்த போர்ட்டில் தெரிகிறது என்பதை அது போனுக்குச் சொல்கிறது. போனுடையதைப் பைக்குச் சொல்கிறது. அதோடு ஒதுங்கிக்கொள்கிறது. இப்போது போன் பையை நோக்கி ஒரு பாக்கெட் அனுப்புகிறது. தன் வாசலைத் தாண்டும்போது அங்கே ஒரு வரி பதிவாகிறது. தோப்பு வாசலில் அதற்கு வரி இல்லை; பாக்கெட் வீசப்படுகிறது. அடுத்து பை போனுக்கு ஒன்று அனுப்புகிறது. அது போனின் வாசலுக்கு வந்தால், வீசப்பட்ட பாக்கெட் எழுதிவைத்த வரி அங்கே காத்திருக்கிறது! உள்ளே போய்விடுகிறது. பையின் வாசலிலும் இதற்குள் ஒரு வரி விழுந்துவிட்டது. அதன்பின் இரு பக்கமும் தாராளமாகப் பேசலாம். அந்த முதல் பாக்கெட் போய்ச் சேரவே வேண்டியதில்லை. தன் வாசலைக் கடந்ததுமே அதன் வேலை முடிந்தது.

பிரையன் ஃபோர்டு, பைடா ஸ்ரீசுரேஷ், டான் கெகல் மூவரும் 2005-இல் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். அவர்கள் சோதித்த நாட் கருவிகளில் சுமார் 82 சதவீதத்தில் இந்த உத்தி வேலை செய்தது. நம் செல்பேசி நிறுவனங்களின் நாட் எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஒரு பொறியியல் கல்லூரி மாணவர் குழு அளந்துவிட முடியும். நாலைந்து சிம், பேருந்துச் செலவு, ஒரு வாடகை சர்வர், அவ்வளவுதான். கடையில் வாங்கிய கிட்டை இறுதியாண்டு புராஜெக்ட் என்று ஏற்கும் கல்லூரிகள், அந்தப் பணத்தை இப்படி அளப்பதற்குக் கொடுக்க வேண்டும் என்பது என் தீராத ஆசை.

திறந்த வழியில் பேசுவதைப் பூட்டுவது வயர்கார்டு என்ற மென்பொருள். ஜேசன் டோனன்ஃபெல்டு எழுதியது. 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், 5.6 பதிப்பில் சேர்ந்தது. போனிலும் பையிலும் தனித்தனிச் சாவி. ரகசியச் சாவி அந்தந்தக் கருவியை விட்டு வெளியே போவதே இல்லை. சாவி பொருந்தாதவர் தட்டினால் வயர்கார்டு "இல்லை" என்றுகூடப் பதில் தராது. தேடுபவருக்கு அங்கே எதுவும் இருப்பதாகவே தெரியாது. அறிமுக வேலையை வயர்கார்டு தானே செய்யாது. டெயில்ஸ்கேல் போன்ற மென்பொருள் அதைப் பார்த்துக்கொள்ளும்.

பேச்சில்லாமல் இருந்தால் பல நாட் கருவிகள் அரை நிமிடத்திலேயே வரியை அழித்துவிடும். அதனால்தான் 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு வெற்றுப் பாக்கெட் அனுப்பச் சொல்வார்கள். சில நாட் கருவிகள் ஒவ்வொரு முகவரிக்கும் வேறு வேறு போர்ட் தரும். அறிமுகக் கணினி பார்த்த எண் அங்கே உதவாது. அப்போது நடுவில் ஒரு சர்வர் வழியாகத்தான் படம் வரும். சற்றே தாமதமாகும், ஆனால் பூட்டிய பாக்கெட்டை அந்த சர்வராலும் பிரிக்க முடியாது.

புதிய 128 பிட் முகவரி வந்தால் இதெல்லாம் தேவைப்படாதே என்று கேட்கலாம். முகவரிப் பஞ்சம் தீரும். ஆனால் கேட்காமல் வருவதைத் தடுக்கும் ஃபயர்வால் பெரும்பாலும் அங்கேயும் இருக்கும். அதுவும் இதே போன்ற பட்டியலைத்தான் வைத்திருக்கிறது. வீசப்படும் முதல் பாக்கெட்டுக்கு அங்கேயும் வேலை உண்டு.

வாசகருக்கு: ரூட்டரில் போட்ட போர்ட் ஃபார்வர்டிங்கை இன்றே நீக்கிவிடுங்கள். கேமராவின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பையை அதற்குப் பிறகு வாங்கினால் போதும்.