மூக்குத்தியும் மலை யாத்திரையும்: பணியிடத்தில் நம்பிக்கைக்கு உரிய இடம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தொழிலாளர் சட்ட ஆலோசகராகப் பணிபுரியும் எனக்கு, புரட்டாசி பிறக்கும்போதும் தைப்பூசம் நெருங்கும்போதும் ஒரே வகையான கேள்விகள் வரத் தொடங்கிவிடுகின்றன. விரத காலத்தில் தாடியை மழிக்காமல் வேலைக்குப் போகலாமா, காவடிக்குக் கட்டிய காப்புக் கயிற்றை மேற்பார்வையாளர் அறுக்கச் சொன்னால் என்ன செய்வது, தீபாவளிக்கு விடுப்பு மறுக்கப்பட்டால் புகார் செய்ய முடியுமா என்று கேட்பவர்களில் பலர், ஏதோ சலுகைக்கு மன்றாடுபவர்களைப் போலக் குரலைத் தாழ்த்தியே கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது சலுகையன்று. இந்நாட்டின் அரசியலமைப்பு ஒப்புக்கொண்ட உரிமை அது. அதற்கு வரம்பும் உண்டு. நம்மிடம் வேலை செய்வோருக்கும் அந்த உரிமை அப்படியே உண்டு.

இவ்வுரிமை தெளிவான வடிவம் பெற்றது, தென்னிந்தியத் தமிழ் இந்து மரபைப் பின்பற்றும் ஒரு குடும்பத்தின் வழக்கில்தான் என்பது நம் இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. டர்பன் பெண்கள் உயர்நிலைப்பள்ளியில் படித்த மாணவி ஒருவர் 2004-ஆம் ஆண்டு விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு, மூக்குத்தியுடன் பள்ளிக்குத் திரும்பினார். நகை அணியக் கூடாது என்ற விதியைக் காட்டி, அதைக் கழற்றுமாறு நிர்வாகம் சொன்னது. பருவமெய்திய பெண்ணுக்கு மூக்குத்தி அணிவிப்பது தங்கள் குடும்ப வழக்கம் என்று தாய் எழுத்து வடிவில் விளக்கியும் பயனில்லை. பாகுபாட்டு வழக்குகளை விசாரிக்கும் சமத்துவ நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது. உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. இறுதியில் 2007 அக்டோபர் 5-ஆம் நாள் அரசியலமைப்பு நீதிமன்றம், தலைமை நீதிபதி பியஸ் லங்கா எழுதிய தீர்ப்பில், மாணவிக்கு விலக்கு அளிக்க மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று அறிவித்தது. அதற்குள் அவர் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டிருந்தார்.

அத்தீர்ப்பின் இரண்டு கருத்துகளை நான் அடிக்கடி எடுத்துச் சொல்கிறேன். மூக்குத்தி அணிவது மதத்தின் கட்டாயக் கடமை அன்று, விருப்பத்தின்பேரில் பின்பற்றும் வழக்கம் என்பதால் மட்டும் அது பாதுகாப்பை இழந்துவிடாது என்பது முதலாவது. எல்லோருக்கும் ஒரே விதி என்று சொல்லிவிட்டால் சமத்துவம் நிறைவேறிவிடாது, அந்த விதி யாரை மட்டும் அழுத்துகிறது என்று பார்த்து இயன்ற மாற்று ஏற்பாட்டைச் செய்வதும் சமத்துவத்தின் பகுதி என்பது இரண்டாவது. பெரும்பான்மையினரின் பழக்கத்தை அளவுகோலாக வைத்து எழுதப்பட்ட விதி, அவர்களுக்கு ஒருபோதும் வலிப்பதில்லை. அதனால்தான் அது நடுநிலையானது போலத் தோன்றுகிறது.

பணியிடத்துக்கு வந்தால், 1998-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் மதம், பண்பாடு, மொழி, பிறப்பு உள்ளிட்ட அடிப்படைகளில் நியாயமற்ற பாகுபாட்டைத் தடை செய்கிறது. ஐம்பது பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்களை இச்சட்டம் தொடாது என்ற தவறான நம்பிக்கை சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிகளின் சிறு வணிகர்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இன, பாலின விகிதாசாரத் திட்டங்களை வகுக்கும் கடமைதான் பெரிய நிறுவனங்களுக்கு உரியது; பாகுபாட்டைத் தடை செய்யும் பகுதி ஒரே ஒருவரை வேலைக்கு வைத்திருப்பவரையும் கட்டுப்படுத்தும்.

வரம்பு எங்கே என்பதையும் சொல்ல வேண்டும். சுழலும் இயந்திரத்தின் அருகே நிற்பவர் தொங்கும் சங்கிலியை அணிந்துதான் தீருவேன் என்றால் சட்டம் துணை நிற்காது. ஆனால் உணவு பதப்படுத்தும் ஆலையில் காப்புக் கயிறு சுகாதார விதிக்கு முரண் என்றால், மணிக்கட்டைத் தாண்டி மறைக்கும் நீண்ட கையுறை போதுமா, விரத நாட்கள் முடியும்வரை பொட்டலக் கிடங்குக்கு மாற்ற முடியுமா என்று நிர்வாகம் முதலில் ஆராய வேண்டும். என் அனுபவத்தில் பெரும்பாலான தகராறுகள் இந்த ஆராய்ச்சியே நடக்காததால் முற்றியவைதான்.

தொழிலாளரும் தம் பங்கைச் செய்ய வேண்டும். காவடிக்கு முதல் நாள் மாலை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு மறுநாள் வராமல் இருப்பவருக்காக வாதிடுவது கடினம். சில வாரங்களுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள், நீங்களே ஒரு மாற்று வழியையும் முன்வையுங்கள். அரசு விடுமுறை நாள் ஒன்றை வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ள, இரு தரப்பும் இசைந்தால், 1994-ஆம் ஆண்டின் பொது விடுமுறைச் சட்டம் இடமளிக்கிறது. செப்டம்பர் 24 அன்று வேலை செய்துவிட்டுத் தீபாவளியன்று வீட்டில் இருக்கலாம் என்ற எளிய வழியைப் பலர் அறிந்திருக்கவில்லை. பேச்சு பலிக்காவிட்டால், சிசிஎம்ஏ எனப்படும் சமரச நடுவர் ஆணையத்திடம் பாகுபாட்டுப் புகாரை ஆறு மாதங்களுக்குள்ளும், பணிநீக்கப் புகாரை 30 நாட்களுக்குள்ளும் அளிக்க வேண்டும்.

இனி, நாம் மேசையின் மறுபக்கம் அமரும் நிலையைப் பற்றி. இன்று நம்மில் பலர் மேலாளர்கள், கடை உரிமையாளர்கள். ஷெம்பே திருச்சபையைச் சேர்ந்த சூலு மக்கள் சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். ஜனவரியில் ந்லங்ககாசி மலைக்கு யாத்திரை போகிறார்கள். தைப்பூசத்துக்குக் கடையையே மூடும் உரிமையாளர் ஒருவர், யாத்திரைக்குப் போன ஊழியரை நீக்கிவிடலாமா என்று என்னிடம் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அவர் கெட்ட மனிதர் அல்லர். தம் விரதத்தை வழிபாடாகவும், ஊழியரின் யாத்திரையை வெறும் வருகைப் பதிவேட்டுச் சிக்கலாகவும் பார்க்கப் பழகியிருந்தார், அவ்வளவே.

நீதிமன்றங்கள் அப்படிப் பார்ப்பதில்லை. முன்னோரின் அழைப்பை ஏற்றுப் பாரம்பரிய மருத்துவராகப் பயிற்சி பெற ஒரு மாத ஊதியமில்லா விடுப்புக் கேட்டு, அது கிடைக்காமலே பயிற்சிக்குச் சென்றதால் நீக்கப்பட்ட சமையல் பணியாளரின் வழக்கில், பணிநீக்கம் நியாயமற்றது என்று 2013-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. சனிக்கிழமைச் சரக்குக் கணக்கெடுப்புக்கு மத நம்பிக்கையால் வர மறுத்த பெண்ணை நீக்கியதும் செல்லாது என்று 2018-இல் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாற்று ஏற்பாடு இயலாது என்பதை முதலாளியால் நிறுவ முடியவில்லை. அந்த உரிமையாளரிடம் இவ்விரண்டையும் விளக்கி, ஆண்டுத் தொடக்கத்திலேயே எல்லா ஊழியர்களின் புனித நாட்களையும் கேட்டறிந்து பணிமுறையை வகுக்கும்படி சொன்னேன். அந்த ஊழியர் இன்றும் அங்கேயே வேலை செய்கிறார்.

வீடுகளையும் இதில் விட்டுவிட முடியாது. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தனிக் கோப்பையும் தனித் தட்டும் ஒதுக்கும் பழக்கம் நம் சமூகத்தில் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. நிறப் பாகுபாட்டால் ஒதுக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டம் இதைச் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2022 மார்ச் 1 முதல் வீட்டுப் பணியாளர்களுக்கும் முழுமையான தேசியக் குறைந்தபட்ச ஊதியம் வழங்கப்பட வேண்டும். பாகுபாட்டுத் தடையும் அந்தச் சமையலறைக்குப் பொருந்தும். அந்தப் பெண்ணும் அதே ஆணையத்திடம், அதே ஆறு மாதங்களுக்குள், கட்டணம் ஏதுமின்றிப் புகார் அளிக்கலாம்.