ரீகண்டிஷன் உதிரிபாகமா? ‘நல்ல நிலையில் உள்ளது’ என்ற சான்று போதாது

சரக்கு சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய பிறகுதான் ரீகண்டிஷன் (பழையதைச் சீர்செய்த) உதிரிபாகங்களை இறக்குமதி செய்யும் பலரும், அவற்றைச் சோதித்து சார்ட்டர்ட் இன்ஜினியர் (தகுதிச் சான்று பெற்ற பொறியாளர்) தந்த சான்றிதழைப் படித்துப் பார்க்கிறார்கள். ‘ரீகண்டிஷன் செய்யப்பட்டது, நன்றாக இயங்குகிறது’ என்றிருக்கும். கஸ்டம்ஸுக்கு அந்த வரியால் பயனில்லை.

வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை 2023-இன் பத்தி 2.31 கேட்பது வேறு. எந்திரங்களுக்கான ரீகண்டிஷன் பாகம் லைசென்ஸ் இல்லாமல் வரலாம். ஆனால் புதுப் பாகத்தின் ஆயுளில் குறைந்தது 80 சதவீதம் மிச்சமிருப்பதாகச் சான்று வேண்டும். பழைய எந்திரம் முழுசாக வந்தால் இந்த 80 சதவீதக் கேள்வியே இல்லை என்பது வேடிக்கைதான். கம்ப்யூட்டர், ஏசி, டீசல் ஜெனரேட்டர் போன்றவற்றுக்கு மட்டும் டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம்) அனுமதி தேவை. மூலதனப் பொருள் (உற்பத்திக்குப் பயன்படும் எந்திரம் போன்றது) அல்லாத பழைய சரக்குக்கும் அப்படியே. கார் கியர்பாக்ஸை ‘மெஷினரி ஸ்பேர்’ என்று பில் ஆஃப் என்ட்ரியில் (கஸ்டம்ஸுக்குத் தரும் இறக்குமதி விவரப் படிவம்) போடுபவர்கள் மாட்டுவது இங்கேதான்.

80 என்ற எண்ணை எழுதினால் மட்டும் போதாது, கணக்கு தெரிய வேண்டும். சிஎன்சி (கணினி இயக்கும் எந்திரம்) ஸ்பின்டில், அதாவது சுழல் தண்டு, ஒன்றின் வடிவமைப்பு ஆயுள் 20,000 மணி நேரம் என்றால், மிச்சம் 16,000-க்குக் குறையக் கூடாது. சீரியல் நம்பர், தயாரித்த ஆண்டு, மாற்றிய பேரிங், டேப்பரை (கருவி பொருந்தும் கூம்புப் பகுதி) கிரைண்ட் செய்த விவரம், ரன்-அவுட் (சுழலும்போது வரும் விலகல்) அளவு எல்லாம் சான்றில் வரட்டும். பாகத்தில் பொறித்த நம்பரும் சான்றிலுள்ள நம்பரும் ஓர் இலக்கம் மாறினாலும் அந்தச் சான்று வேறு பாகத்துக்குரியது என்பார்கள். பேக்கிங்குக்கு முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள்.

நிபந்தனை தவறினால் சுங்கச் சட்டம் 111(d)-இன்படி பறிமுதல், 112-இன்படி அபராதம். 125-ஆம் பிரிவில் மீட்புத் தொகை கட்டிச் சரக்கை எடுக்கலாம். அந்தத் தொகை, சந்தை விலையில் வரியைக் கழித்த மிச்சத்தைத் தாண்டக் கூடாது. 2019-இல் பழைய நகல் எந்திரங்கள் வழக்கில் மீட்க வழிவிட்ட உச்ச நீதிமன்றம், 2021-இல் அளவுக் கட்டுப்பாட்டை மீறி வந்த பருப்புக்கு அதை மறுத்தது. ‘ஃபைன் கட்டி எடுத்துக்கலாம்’ என்று நம்பி ஆர்டர் போடாதீர்கள்.

டெமரேஜ் (சரக்கை எடுக்கத் தாமதமானால் கட்டும் கட்டணம்) ஏறும் பயத்தில், வரிக் கணக்குக்காக அதிகாரி உயர்த்திய மதிப்பை ஒப்புக்கொண்டதாகக் கையெழுத்திட்டுவிட்டு, பிறகு அப்பீல் போக நினைப்பவர்கள் உண்டு. அதற்குப் பதில் ஒப்பவில்லை என்று எழுதிக் கொடுத்தால், சுங்கச் சட்டம் 17(5)-இன்படி காரணம் சொல்லும் உத்தரவை 15 நாளில் தர வேண்டும். அப்பீலுக்கு 60 நாள். தகராறிலுள்ள வரி, அபராதத்தில் 7.5 சதவீதம் முன்வைப்பு, அதாவது அப்பீலுக்கு முன் கட்டும் தொகை. அதுவரை சரக்கைத் துறைமுகத்திலேயே விடாமல், 49-ஆம் பிரிவில் பாண்டட் கிடங்குக்கு (கஸ்டம்ஸ் உரிமம் பெற்ற பொதுக் கிடங்கு) மாற்ற அனுமதி கேளுங்கள்.