வீட்டில் கிடைத்த பழைய அலங்காரக் கத்தி: பிறப்பிடம் அறிதலும் பொருந்தும் சட்டங்களும்

பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கும்போது வெள்ளிப் பூண் போட்ட பழங்கத்தி ஒன்று கிடைத்தால், பெரும்பாலான வீடுகளில் முதலில் நடப்பது அதைப் புளி போட்டுத் துலக்குவதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் கத்தி எங்கே, எக்காலத்தில் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தே அதை விற்கலாமா, வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லலாமா என்பது முடிவாகிறது. அதைச் சொல்லும் அடையாளங்கள் பெரும்பாலும் அதன் மேற்பரப்பிலேயே இருக்கின்றன. பழைய உருக்கு அலகில் நீரோட்டம் போல ஓடும் வரிகள் உப்புத்தாள் பட்டால் மங்கிவிடும். எஃகில் நுண்கீறல் இட்டு, அதன்மேல் அடித்துப் பதித்த தங்கக் கம்பி வேலையும் அப்படியே உரிந்து போகும்.

பிறப்பிடம் அறிய அலகு, பிடி, உறை மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும். உறையிலிருந்து சிறு கருவிகள் கோத்த வெள்ளிச் சங்கிலி தொங்கினால் அது குடகு மக்கள் இடைக்கச்சையில் செருகும் பீச்சேகத்தியாக இருக்கக்கூடும். இரு பக்கச் சட்டங்களுக்கு நடுவே குறுக்குப்பிடி அமைந்து, முட்டியை மடக்கிப் பிடித்துக் குத்தும் வகையில் இருந்தால் அது கட்டாரி. தஞ்சை அரண்மனைப் படைக்கலங்களில் இருந்த கட்டாரிகள் பலவற்றில் பிடி மட்டுமே இங்கு செய்யப்பட்டது, அலகு ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஆகவே அலகில் அயல்நாட்டு முத்திரை இருப்பதைக் கொண்டு மட்டும் கத்தி முழுவதையும் அயல்நாட்டுப் பொருள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சைப் படைக்கலங்கள் உள்ளன. ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் நமக்கு இல்லை. 'இந்தியா' என்று ஆங்கிலத்தில் முத்திரை குத்தியிருந்தால், பெரும்பாலும் அது ஏற்றுமதிக்காகச் செய்த பிற்காலப் பொருள். இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்க விதி 1891இல்தான் நடைமுறைக்கு வந்தது.

இனி சட்டத்துக்கு வருவோம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருளாகும். அத்தகைய கத்தியை வீட்டில் வைத்திருப்பதை இச்சட்டம் தடுக்கவில்லை. கட்டாயப் பதிவு என்பது கல், சுடுமண், உலோகம், தந்தம், எலும்பு, மரம் ஆகியவற்றாலான சிற்பங்கள், ஓவியங்கள், ஓவியம் தீட்டிய சுவடிகள் போன்ற அறிவிக்கப்பட்ட வகைகளுக்கே உரியது. சாதாரண அலங்காரக் கத்தி அவற்றில் வராது. ஆனால் பிடியே ஓர் உருவச் சிற்பமாகச் செதுக்கப்பட்டிருந்தால் பதிவு அலுவலரிடம் கேட்டுவிடுவது நல்லது. தொல்பொருள் வணிகம் செய்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும்.

மக்கள் அறியாமல் தவறு செய்யும் இடம் ஏற்றுமதிதான். வெளிநாட்டில் வாழும் மகனுக்குத் தாத்தாவின் கத்தியைப் பெட்டியில் வைத்து அனுப்புவதும் சட்டத்தின் பார்வையில் ஏற்றுமதியே. மத்திய அரசோ அதன் அனுமதி பெற்ற அமைப்போ தவிர வேறெவரும் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டு செல்ல முடியாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. கத்தி நூறு ஆண்டுப் பழமை இல்லாதது என்று நீங்கள் கருதினால், இந்தியத் தொல்லியல் துறையிடம் பொருளைக் காட்டி, தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைப் பெற்ற பிறகே அனுப்ப வேண்டும். சென்னையில் இத்துறையின் வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ளது. ஒரு பொருள் தொல்பொருளா என்ற கேள்வி எழுந்தால் தலைமை இயக்குநரின் முடிவே இறுதியானது.

பிடி யானைத் தந்தமாக இருந்தால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. தந்தத்தை விற்க முடியாது. மரபுரிமையாக வந்திருந்தால் 90 நாளுக்குள் வன உயிரினத் தலைமைக் காப்பாளரிடம் அறிவிக்க வேண்டும். அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால், வீட்டு வேலைக்கும் உழவுக்கும் ஆனவை நீங்கலாக, அது 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகளில் ஆயுதமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. மத்திய அரசு அறிவிக்கையில் குறித்துள்ள பகுதிகளில் இதற்கு உரிமம் தேவைப்படும் என்பதால், காவல் நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் கிடைத்ததும் மண்ணுக்குள் கிடைத்ததும் ஒன்றல்ல. வீடு கட்ட அடித்தளம் தோண்டும்போது மண்ணிலோ, இடிக்கும்போது சுவருக்குள் மறைத்து வைக்கப்பட்டோ கிடைத்த பொருள், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதாயின், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கப்பட வேண்டும். மறைத்தால், கண்டெடுத்தவர் புதையலில் தமக்குரிய பங்கை இழப்பதோடு ஓராண்டு வரை சிறையும் நேரலாம்.

அலுவலகத்துக்குப் போகுமுன், அளவுகோலை அருகில் வைத்து அலகின் இருபுறமும், பிடியும், உறையும், முத்திரையும் தெரியும்படி படம் எடுங்கள். அந்தக் கத்தி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, அவர் சொன்னபடியே தேதியுடன் எழுதி, அவரிடம் கையொப்பம் வாங்கி அந்தப் படங்களுடன் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.